சோழவரத்துல ஸ்நோ பிடிக்கலாம், வாங்க!

'மச்சி, சோழவரத்துல ஸ்நோஃப்ளேக் போட்டோ எடுக்கப் போறேன்டா!'

உங்க க்ளாஸ்ல யாராவது இப்படிச் சொன்னா என்ன பண்ணுவீங்க? நெத்தியில கைவெச்சு, 'காய்ச்சல் ஏதாவது இருக்கா?'ன்னு கேட்பீங்க. நியாயம்தான். ஏரி இருக்கு, ஜி.என்.டி. ரோட்டுல லாரி இருக்கு, கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கு ஷிஃப்ட் ஆளுங்களை ஏத்திட்டுப் போற கம்பெனி பஸ் இருக்கு. பனி மட்டும் கிடையாது. சென்னையில பதிவான மிகக் குறைந்த வெப்பநிலையே 13.9 டிகிரி. அதுவும் நூறு வருஷத்துக்கு முந்தின கதை. ஸ்நோ விழணும்னா பூஜ்யத்துக்குக் கீழே போகணும் பாஸ்!

ஆனாலும் அந்த நண்பர் சொன்னது முழுப் பொய் இல்லை. எப்படின்னு கடைசியில சொல்றேன். அதுக்கு முன்னாடி, மாட்டுக் கொட்டகையில இருந்து வந்த ஒரு பையனோட கதையைக் கேளுங்க. 'என்கிட்ட நல்ல கேமரா இல்லை'ன்னு புலம்பற ஒவ்வொருத்தரும் கேட்க வேண்டிய கதை.

'பனி பைத்தியம்' பென்ட்லி

அமெரிக்காவுல வெர்மான்ட் மாநிலம். அதுல ஜெரிக்கோன்னு ஒரு கிராமம். 1865 பிப்ரவரி 9 அன்று, அங்கே ஒரு விவசாயி வீட்டில் பிறந்தவர் வில்சன் பென்ட்லி. பதினாலு வயசு வரைக்கும் வீட்டிலேயேதான் படிப்பு. அம்மா பள்ளிக்கூட டீச்சரா இருந்தவங்க. அவங்ககிட்ட ஒரு பழைய மைக்ராஸ்கோப் இருந்தது. பதினஞ்சு வயசுப் பையன் கையில அதைக் கொடுத்தாங்க. அவ்வளவுதான், ஆள் க்ளீன் போல்டு!

மத்த பசங்க பனியை உருட்டி ஒருத்தர் மேல ஒருத்தர் எறிஞ்சு விளையாட, இவர் அதே பனியில் ஒரே ஒரு துகளை எடுத்துக் கண்ணாடித் துண்டில் வெச்சுப் பார்த்தார். உள்ளே ஆறு இதழ் பூ! ஒவ்வொரு இதழிலும் கிளை, கிளைக்குள்ளே கிளை. மார்கழி மாசம் உங்க தெரு வாசல்ல போடுற கோலம் இருக்கே, அதைக் கடுகு சைஸுக்குச் சுருக்கினா எப்படி இருக்கும்? அப்படி!

பார்த்ததை வரைய ஆரம்பிச்சார். வரைஞ்சு முடிக்கறதுக்குள்ளே பனிப்பூ உருகிடும். ஒரு குளிர்காலம் போச்சு, ரெண்டு போச்சு. நூற்றுக்கணக்கான படம் வரைஞ்சும் மனசு நிறையலை. 'மைக்ராஸ்கோப்போட கேமராவைச் சேர்த்தா என்ன?'ன்னு ஒரு ஐடியா. அந்தக் காலத்துல அந்த ரெண்டுக்கும் சேர்த்து சுமார் நூறு டாலர். ஒரு விவசாயக் குடும்பத்துக்கு அது பெரிய காசு. அப்பாவுக்கு இதெல்லாம் வெட்டி வேலைன்னுதான் நினைப்பு. ஆனாலும் அம்மா பேச்சு ஜெயிச்சது. கேமரா வந்தது.

வந்தவுடனே படம் வந்துடுச்சா? அதான் இல்லை. மறுபடி தோல்வி, மறுபடி தோல்வி. கடைசியில 1885 ஜனவரி 15. ஒற்றைப் பனிப்பூ ஒன்று கேமராவுக்குள்ளே வந்து உட்கார்ந்தது. அப்போ அவருக்கு இருபது வயசு ஆக இன்னும் சில வாரம் பாக்கி. அதாவது, உங்க வயசு!

மூச்சு விட்டா காலி

அவர் போட்டோ எடுத்த முறையைக் கேட்டா ஆடிப்போயிடுவீங்க. ஸ்டூடியோ? வெளியே எவ்வளவு குளிரோ உள்ளேயும் அவ்வளவு குளிர் அடிக்கிற ஒரு கொட்டகை. கறுப்புப் பலகையை வெளியே நீட்டிப் பனியைப் பிடிப்பார். எது தேறும்னு ஒரு பார்வை. பிடிச்சதை ஒரு மெல்லிய துடைப்பக் குச்சி மாதிரி குச்சியால் தொட்டு எடுத்து, கண்ணாடி ஸ்லைடில் வெச்சு, ஒரு பறவை இறகால் மெதுவாத் தடவி ஒட்டவைப்பார். அப்புறம் ஃபோகஸ். இது எல்லாத்தையும் மூச்சை அடக்கிக்கிட்டு செய்யணும். வாய்க்காற்று பட்டா மேட்டர் ஓவர்!

இந்தக் கூத்தை அவர் 46 வருஷம் செய்தார். ஐயாயிரத்துக்கும் மேலே படங்கள். ஊர்க்காரங்க 'கொஞ்சம் மறை கழண்ட கேஸ்'னு பேசிக்கிட்டாங்க. அவர் பாட்டுக்கு பகல்ல மாடு, பால், வயல். பனி விழுந்தா கேமரா. படங்களின் ஸ்லைடுகளை ஒண்ணு அஞ்சு சென்ட்டுக்குக் கல்லூரிகளுக்கும் அருங்காட்சியகங்களுக்கும் விற்றார். 1903-ல் ஐந்நூறு படங்களை ஸ்மித்சோனியன் நிறுவனத்துக்கு அனுப்பிவைத்தார். தனக்கு ஏதாவது ஆகிட்டாலும் படம் பத்திரமா இருக்கணும்ங்கிற கவலை!

1931 நவம்பரில் அவருடைய 'ஸ்நோ கிரிஸ்டல்ஸ்' புத்தகம் வந்தது. 2,400-க்கும் மேற்பட்ட படங்கள். அடுத்த மாசமே ஒரு பனிப்புயலில் வீட்டுக்கு நடந்தே வந்தவரை நிமோனியா பிடித்தது. டிசம்பர் 23 அன்று போய்ச் சேர்ந்தார். வாழ்க்கை முழுக்க எதைத் துரத்தினாரோ, அதுக்குள்ளேயே நடந்து போனார் மனுஷன்.

ஆறு எங்கிருந்து வந்தது?

பனிப்பூவுக்கு ஏன் ஆறு கை? அஞ்சு, ஏழு எல்லாம் ஏன் இல்லை? இந்தக் கேள்வியை 1611-லேயே கெப்ளர் ஒரு சின்ன புத்தகமாவே எழுதிக் கேட்டுட்டார். கோள்களோட பாதையைக் கண்டுபிடிச்ச அதே கெப்ளர்தான். அவர் காலத்தில் விடை கிடைக்கலை. இப்போ தெரியும். தண்ணீர் மூலக்கூறுகள் குளிர்ந்து கைகோக்கும்போது ஆறு ஆறாகத்தான் வளையம் கட்டும். அதனால் முதலில் உருவாவது ஒரு குட்டி அறுகோணம். அதன் ஆறு மூலைகளும் வெளியே நீட்டிக்கிட்டு இருக்கறதால, காற்றிலுள்ள நீராவி முதல்ல அங்கேதான் போய் ஒட்டும். கை முளைக்கும். ஆறு கைகளும் ஒரே பாதையில, ஒரே குளிர்ல, ஒரே ஈரத்துல பயணம் செய்யறதால கிட்டத்தட்ட ஒரே மாதிரி வளரும். ஒரு கைக்கு இன்னொரு கை மெசேஜ் எல்லாம் அனுப்பறது இல்லை!

ஒரு விஷயம் கவனிங்க. மழைத்துளி உறைஞ்சா ஸ்நோ ஆகாது. அது வேற கேஸ். நீராவி, தண்ணீர் ஆகாமல் நேரடியா ஐஸா மாறினாத்தான் பனிப்பூ.

இதை ஆய்வகத்தில் நிரூபித்தவர் ஜப்பானின் உகிச்சிரோ நகாயா. இவர் கதை இன்னும் சூப்பர். இயற்பியல் படிச்சுட்டு 1930-ல் ஹொக்கைடோ பல்கலைக்கழகத்துக்கு வேலைக்குப் போனார். அங்கே அவர் ஆராய்ச்சிக்குத் தேவையான பெரிய கருவி எதுவும் இல்லை. ஆனா ஜன்னலுக்கு வெளியே மலை மலையாப் பனி. 'இருக்கறதை வெச்சு ஆடுவோம்'னு இறங்கிட்டார். மூவாயிரம் படம் எடுத்து வகை பிரிச்சார். அப்புறம் குளிரூட்டின அறையில் ஒரு முயல் முடியைத் தொங்கவிட்டு, 1936 மார்ச் 12 அன்று உலகின் முதல் செயற்கைப் பனிப்பூவை வளர்த்துக் காட்டினார். பூஜ்யத்துக்குக் கீழே 2 டிகிரி பக்கம் தட்டு, 5 டிகிரி பக்கம் ஊசி, 15 டிகிரி பக்கம் கிளை விரிச்ச நட்சத்திரம். குளிரும் ஈரமும் மாறினா டிசைன் மாறும். அதனால, கீழே விழுந்த பனிப்பூவைப் பார்த்தே மேலே வானம் எப்படி இருந்ததுன்னு சொல்லிடலாம்.

டச்சப் பண்ணலாமா?

இப்போ ஒரு வில்லங்கமான மேட்டர். உங்களுக்கும் எனக்கும் சம்பந்தப்பட்டது.

பென்ட்லி படங்கள்ல பின்னணி அட்டைக் கறுப்பா இருக்கும். பனிப்பூ மட்டும் பளிச்! அந்தக் கறுப்பு கேமராவுல வந்தது இல்லை. நெகட்டிவின் பிரதி ஒன்றை எடுத்து, பூவைச் சுற்றியுள்ள பூச்சைக் கத்தியால் சுரண்டி எடுத்துவிடுவார். அன்றைய ஃபோட்டோஷாப்! ஜெர்மனியில் குஸ்டாவ் ஹெல்மான் என்ற வானிலை அறிஞர் இதைப் பிடிச்சுக்கிட்டார். ஓரத்தைச் சுரண்டினா உருவமே மாறிடாதா? நியூஹவுஸ் என்பவர் அவருக்காக எடுத்துக் கொடுத்த படங்கள்ல பனித்துகள்கள் இவ்வளவு அழகா இல்லையே? கை உடைஞ்சு, கோணல் மாணலாத்தானே இருக்கு?

பென்ட்லி தரப்பு என்ன? பூவை அழகுபடுத்தலை, தெளிவாக் காட்டத்தான் சுரண்டறேன். உண்மைக்குப் பக்கத்துல கொண்டுபோற ரீடச் தப்பில்லை.

யார் பக்கம் நியாயம்? ரெண்டு பக்கமும் கொஞ்சம் இருக்கு. விழுகிற பனியில் பெரும்பாலானது கோணல் துகள்கள்தான். பென்ட்லி அழகானதை மட்டும் பொறுக்கி எடுத்தார். அதைப் பார்த்துப் பார்த்து, பனிப்பூன்னாலே அச்சுல வார்த்த மாதிரி இருக்கும்னு உலகமே நம்ப ஆரம்பிச்சது. அவர் பொய் சொல்லலை. ஆனா விட்டுட்டதும் ஒரு சேதிதான் இல்லையா? நீங்க போன வாரம் நாற்பது செல்ஃபி எடுத்து, முப்பத்தொன்பதை அழிச்சுட்டு, மிச்சம் ஒண்ணுக்கு ஃபில்டர் போட்டு ஸ்டேட்டஸ் வெச்சீங்களே... அதைக் கொஞ்சம் ஞாபகப்படுத்திக்கோங்க!

'ஒரு பனிப்பூ மாதிரி இன்னொண்ணு இருக்காது'ன்னு ஊரெல்லாம் பரவினதும் பென்ட்லியாலதான். ஒரு பனிப்பூவில் சுமாரா ஒன்றுக்குப் பின்னால் 18 சைபர் போட்ட அளவு மூலக்கூறுகள். அச்சு அசலா இன்னொண்ணு கிடைக்க வாய்ப்பே இல்லைன்னு சொல்லலாம். ஆனா மைக்ராஸ்கோப்புல பார்த்தா வித்தியாசம் தெரியாத ஜோடி ஒன்றை 1988-ல் நான்சி நைட் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர் காட்டினார். கால்டெக் பேராசிரியர் கென்னத் லிப்ரெக்ட் ஒரு படி மேலே போய், ஆய்வகத்தில் பக்கத்துப் பக்கத்தில் வெச்சு 'இரட்டைப் பிள்ளைகளையே' வளர்த்துட்டார். 2006-ல் வந்த அமெரிக்கத் தபால்தலையில் இருக்கிற பனிப்பூக்கள் அவர் எடுத்தவைதான். 'ஃப்ரோசன்' படத்துக்கு ஐடியா கொடுத்ததும் இவரே.

பால்கனி ஹீரோ

'சார், அவங்க எல்லாம் லேப் வெச்சிருக்காங்க'ன்னு இழுக்கறீங்களா? மாஸ்கோவுல அலெக்ஸி கில்யாடோவ்னு ஒருத்தர். 2013 வாக்கில் அவர் எடுத்த பனிப்பூ படங்கள் உலகம் முழுக்கச் சுத்தின. அவர்கிட்ட இருந்தது கைக்கு அடக்கமான ஒரு சாதாரண கேனான் கேமரா. பழைய சோவியத் காலத்து ஹீலியோஸ் லென்ஸ் ஒண்ணு. அந்த லென்ஸைத் தலைகீழாத் திருப்பி, ஒரு மரப்பலகையில் கேமராவுக்கு முன்னாடி பொருத்திட்டார். லொகேஷன்? வீட்டு பால்கனி. பின்னணி? கறுப்புக் கம்பளித் துணி. அவ்வளவே!

இன்னொரு பக்கம், மைக்ரோசாஃப்டில் பெரிய பதவியில் இருந்த நேதன் மிர்வால்ட் 2020-ல் நூறு மெகாபிக்ஸல் கேமரா, நீலக்கல் ஸ்லைடு எல்லாம் வெச்சு அலாஸ்காவிலும் கனடாவிலும் எடுத்த படங்களை வெளியிட்டார். அதுவும் அற்புதம்தான். ஆனா காசு இருக்கறவனுக்கும் இல்லாதவனுக்கும் பனி ஒரே வேகத்துலதான் உருகுது. அங்கேதான் கேம் சமமாகுது!

சரி, சோழவரத்துக்கு வருவோம்

ஆரம்பத்தில் சொன்னேனே, அந்த நண்பர் சொன்னது முழுப் பொய் இல்லைன்னு? இப்போ மேலே பாருங்க. நேரா மேலே!

உங்க தலைக்கு மேல சுமார் அஞ்சு கிலோமீட்டர் போனா வெப்பநிலை பூஜ்யம். ரோட்டுல போனா ரெட்ஹில்ஸைக்கூடத் தாண்டாத தூரம்தான். என்ன, செங்குத்தாப் போகணும்! வடகிழக்குப் பருவமழை சமயத்துல எழும்புற இடிமேகங்கள் அந்தக் கோட்டைத் தாண்டி ரொம்ப உயரம் போகும். அங்கே ஐஸ் துகள்கள் உருவாகும், வளரும், கனத்துக் கீழே இறங்கும், வழியில் உருகும். ஐப்பசியில உங்க குடையில 'சொட்'னு விழுற துளிகள்ல நிறைய, ஒரு காலத்துல பனியா இருந்ததுதான்! சோழவரம் ஏரியில் ஸ்நோ இருக்குன்னு சொன்னா இப்போ சிரிப்பீங்களா?

அதைப் படம் பிடிக்கவும் முடியும். நிலாவைச் சுற்றிப் பெரிய வட்டம் கட்டி நிக்கும், பார்த்திருக்கீங்களா? பாட்டி பார்த்தா, 'அகல வட்டம் பகல் மழை'ன்னு சொல்வாங்க. அந்த வட்டத்தைப் போடறது யார் தெரியுமா? ஆறு, ஏழு கிலோமீட்டருக்கும் மேலே மிதக்கிற மெல்லிய மேகத்தில் இருக்கிற கோடிக்கணக்கான அறுகோண ஐஸ் துகள்கள். நிலா வெளிச்சம் ஒரு பக்கம் நுழைஞ்சு, ஒண்ணு விட்டு அடுத்த பக்கம் வழியா வெளியே வரும்போது சுமார் 22 டிகிரி வளையும். அதனால் வட்டம் எப்பவும் அதே சைஸ்தான். சந்தேகமா? கையை முன்னால முழுசா நீட்டி, கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் விரிங்க. ஒரு நுனியை நிலா மேல வெச்சா, இன்னொரு நுனி வட்டத்தைத் தொடும். வானத்தை அளக்க ஒரு சாண் போதும்!

பாட்டி சொன்னதிலும் விஷயம் இருக்கு. வங்கக் கடல்ல காற்றழுத்தத் தாழ்வு உருவாகும்போது, அதன் உச்சியிலிருந்து பரவி முன்னாடியே வந்து சேர்றது பல நேரம் இந்த ஐஸ் மேகம்தான். எப்பவும் பலிக்காது. ஆனா சும்மா சொன்னதும் இல்லை.

இன்னிக்கே ஆரம்பிக்கலாம்

*நிலா வட்டம்:* பௌர்ணமியை ஒட்டின நாட்கள். நிலாவை ஒரு பனைமரத்துக்குப் பின்னாலோ மின்கம்பத்துக்குப் பின்னாலோ மறைச்சு நில்லுங்க. இல்லேன்னா படம் முழுக்க வெளிச்சம் அப்பிடும். மொபைலை எது மேலயாவது சாய்ச்சு வெச்சு, நைட் மோட், மூணு செகண்ட் டைமர். நிலாவை ஒட்டிச் சின்னதா, கலர் கலரா வட்டம் தெரிஞ்சா ஏமாறாதீங்க. அது தண்ணீர்த் துளி மேகத்தோட வேலை. பகல்ல சூரியனைச் சுற்றியும் வட்டம் வரும். ஆனா சூரியனை நேராப் பார்க்கவே கூடாது.

*ஃப்ரீசர் பூ:* பழைய சிங்கிள் டோர் ஃபிரிட்ஜ் இருந்தா நீங்க அதிர்ஷ்டசாலி. ஃப்ரீசர் சுவர்ல வெள்ளையாப் படியுதே, அதுவும் நீராவியிலிருந்து நேரா வந்த ஐஸ்தான். கறுப்பு அட்டை ஒண்ணை உள்ளேயே வெச்சுக் குளிரவிடுங்க. ஒரு சிட்டிகையை அதுல உதிர்த்து, டக்குனு கிளிக். ஆறு கை நட்சத்திரம் எதிர்பார்க்காதீங்க. ஊசி, தட்டு, ஏணின்னு வேற உலகமே இருக்கு.

*ஏரிக்கரைப் பனி:* மார்கழி காலை ஆறரை. கரையோரப் புல்லில் இருக்கிற ஒவ்வொரு துளியும் ஒரு லென்ஸ். உத்துப் பார்த்தா உள்ளே மரம் தலைகீழா நிற்கும்! கெட்டுப்போன சி.டி. ப்ளேயரில் இருக்கிற குட்டி லென்ஸைக் கழற்றி மொபைல் லென்ஸ் மேல ஒட்டினா மேக்ரோ ரெடி. ரிச்சி ஸ்ட்ரீட்ல பழைய பாகமாவும் தேடிப் பார்க்கலாம். காலடியில கவனம். கரை வழுக்கும், புல்லுக்குள்ளே பாம்பு இருக்கும்.

*மாவு டெஸ்ட்:* பனி இல்லாத கோடையில் பென்ட்லி என்ன செய்தார் தெரியுமா? தட்டில் மாவைப் பரப்பி மழையில் நீட்டினார். ஒவ்வொரு துளியும் ஒரு மாவு உருண்டை ஆகும். காயவெச்சு அளந்தார். மழைத்துளி எவ்வளவு பெரிசுன்னு 1904-ல் கட்டுரையே எழுதினார். துளிகள்ல ஒரு பகுதி உருகின பனியிலிருந்து வருதுன்னும் அப்பவே ஊகிச்சார். அம்மாகிட்ட கேட்டுட்டு கோதுமை மாவை எடுங்க. ப்ராஜெக்ட் தேடி அலையறவங்களுக்கு இது இலவச டிப்ஸ்!

*நிஜ உறைபனி வேணுமா?* டிசம்பர், ஜனவரியில் ஊட்டி. சென்ட்ரல்ல நீலகிரி எக்ஸ்பிரஸ் பிடிங்க. தலைகுந்தா, காந்தல் பக்கம் விடியறதுக்குள்ளே போனா, புல்வெளி முழுக்க உப்பு தூவின மாதிரி இருக்கும். வெயில் ஏறிட்டா அம்புட்டும் தண்ணி.

ஏரிக்கரையில நான் முதல்முதலா எடுத்த பனித்துளிப் படங்கள்ல பதினேழு மங்கல். பதினெட்டாவதுல துளியே இல்லை, என் கட்டைவிரல்தான் இருந்தது. அழிக்கலை. அப்படியே வெச்சிருக்கேன். அடுத்த மார்கழியில எடுத்ததையும் பக்கத்துல வெச்சுப் பார்க்கும்போது அதோட மதிப்பு தெரியுது.

ஒரு காலத்தில் சோழவரம்னா ரேஸ். உலகப்போர் காலத்து விமான ஓடுதளத்தில் காரும் பைக்கும் பறந்த ஊர். வேகத்துக்குப் பேர் போன இடத்துல, அசையாம மூச்சைப் பிடிச்சுக்கிட்டு ஒரு துளி முன்னாடி உட்கார்ந்து பாருங்களேன். அதுவும் ஒரு த்ரில்தான்!

அலாரம் அஞ்சே முக்காலுக்கு வெச்சாச்சா?